பதினாலா, பதினாறா

அந்த மிஸ் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். பிரதேச செயலகத்தில் பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கிறவர், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், நான் பல வருடமாக வேலை செய்கிறேன். மிஸ் வந்து தொட்டில்களைப் பார்ப்பார், பால்மாப் பேணியைத் திறந்து பார்ப்பார், கடைசியில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சிங்களத்தில் கேட்பார்: இந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை யாரும் உண்டா? நான் இல்லை என்பேன். இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்.

அன்றைக்கு நான் உண்டு என்றேன்.

யாருடைய பிள்ளை என்று கேட்டார். என் தம்பி மகள் என்றேன். வயது பதினாலு முடிந்து நாலு மாதம். தகப்பன் நிறுத்திவிட்டான். மிஸ் எழுதுவதை விட்டுவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். என் புடவையில் காலையில் பட்ட சேறு காயாமல் இருந்தது. அதைக் கவனித்தாரா என்று தெரியாது. அந்தச் சேற்றை என் மேல் வீசியவன் என் தம்பிதான்.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. நாலாவது எங்களுடையது, ஐந்தாவது தம்பியுடையது. நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். நாங்கள் இருவரும் பிறந்ததும் அதே லயத்தில்தான். அப்பா எங்களை அடித்துத்தான் வளர்த்தார். பதின்மூன்று வயதில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். தம்பி ஒருவன் படித்தால் போதும் என்றார். நான் போவேன் என்று வாசலில் உட்கார்ந்து அழுதேன். இடுப்பு வாரைக் கழற்றி, அழுகை நிற்கும் வரைக்கும் அடித்தார். எனக்கு இரண்டு வயது இளையவனான தம்பி அதற்குப் பிறகு மூன்று வருடம் போனான். பதினாலு பிறந்ததும் அவனும் நின்றுவிட்டு இறப்பர் மலைக்கு மரத்தில் பால் வெட்டப் போய்விட்டான். பதினாலு வரைக்கும்தான் கட்டாயம், அதற்கு மேல் அவரவர் விருப்பம் என்று அப்போது தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதினாலைக்கூடக் கொடுக்கவில்லை என்ற கோபம் எனக்குள் ரொம்ப நாள் இருந்தது. அவன் மேல் அவ்வளவு கோபம் வர அவன் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் வந்தது.

இதையும் சொல்லிவிட வேண்டும். என் மகன் பதினைந்து வயதில் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனான். நானும் என் கணவரும்தான் தெஹியோவிட்ட டவுனுக்குக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டோம்.

தம்பி மகளை நிறுத்தியதும் பெரிய கதை இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான் உண்டு. பத்துக்குப் போவதென்றால் இரண்டு மைல் இறங்கி, பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும். அவள் தாய் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வயதுக்கு வந்த பிள்ளை, தாய் இல்லாத நேரம், பஸ்ஸில் யாரோடு போவாள், எத்தனை மணிக்கு வருவாள் என்று தம்பி பயந்தான். ஒன்பது முடிந்ததும் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுவிட்டான். அதை முதலில் என்னிடம்தான் வந்து கேட்டான். பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று நானும் சொன்னேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.  பிறகு ஒருநாள் பள்ளிக்கூட வெள்ளை உடுப்பைக் கரித்துணியாகக் கிழித்துவிட்டாள்.

மிஸ் வந்த அன்று காலையில் மழை. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. தம்பி லயத்துக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றான். அவன் குசினிக்குள் வந்த தண்ணீரைத் திருப்ப ஒரு கானை, சின்ன வாய்க்காலை, வெட்டினான். வெட்டிய கானின் வாய் என் குசினிக் கதவைப் பார்த்து இருந்தது. தண்ணீர் அடுப்பு வரைக்கும் வந்து சாம்பலைக் கரைத்துக்கொண்டு போனது. நான் வெளியே வந்து கேட்டேன். தண்ணீர் அதுவாகப் போகிற வழியில் போகிறது, நான் என்ன செய்ய என்றான். நான் அவன் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். குவைத்தில் அவள் யாருக்கு என்ன வேலை செய்கிறாளோ என்று. சொல்லியிருக்கக் கூடாது. அவன் காலடியில் நின்ற என் முட்டைக் கோழியை மண்வெட்டியால் ஒரே போடாகப் போட்டான். அது பாதி வெட்டுப்பட்டுச் சேற்றில் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டது. நான் உள்ளே ஓடி, அடுப்பிலிருந்த சோற்றுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க எடுத்துவந்து அவன் மேல் ஊற்றினேன். முகத்துக்குக் குறிவைத்துத்தான் ஊற்றினேன். அவன் விலகியதால் காலில் பட்டது. கத்திக்கொண்டே மண்வெட்டியால் சேற்றை அள்ளி என் மேல் எறிந்தான். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து பிடித்து விலக்கினார்கள்.

அப்படியே வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு மிஸ் வந்தார்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு மத்தியானம், மிஸ்ஸும் கிராம சேவகரும் லயத்துக்கு வந்தார்கள். தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, கதிரையைத் துடைத்துப் போட்டான். காலில் கஞ்சி பட்ட இடம் கொப்பளித்து உடைந்திருந்ததால் நொண்டினான். நான் என் வாசலில் சுளகோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போகவில்லை. அவன் எப்படி மாட்டிக்கொள்கிறான் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

மகள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று மிஸ் கேட்டார். தம்பி பயப்படவே இல்லை. உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிவைத்திருந்த பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தான். பதினாலு முடிந்துவிட்டது மிஸ், சட்டப்படிதான் நிறுத்தினேன் என்று நல்ல சிங்களத்தில் சொன்னான். ஒரு நாள்கூட முந்தி நிறுத்தவில்லை என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மிஸ் சான்றிதழைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பதினாலு என்பது பழைய கதை, இப்போது பதினாறு முடியும் வரைக்கும் கட்டாயம், அனுப்பாவிட்டால் பெற்றோர் மேல் வழக்குப் போடலாம் என்றார். தம்பி கிராம சேவகரைப் பார்த்தான். அவரும் தலையாட்டினார். எப்போது மாற்றினார்கள், யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்று கேட்டான். அதற்கு அவர்கள் ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். சிங்களம் பேசுவான், வாசிக்கத் தெரியாது. மிஸ் வாசித்துக் காட்டினார். திங்கட்கிழமையிலிருந்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தது. சரி என்பதற்கு ஹரி மிஸ், ஹரி என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அவர்களோடு பாதை வரைக்கும் நடந்துபோய், குடை விரித்துக் கொடுத்து வழியனுப்பினான்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினான்.

குசினிக்குப் போய் மரவள்ளிக் கிழங்கை அடுப்பில் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் அடி விழுந்தது. செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற இறப்பர் குழாயில் ஒரு துண்டு அவனிடம் இருந்தது. அது காற்றில் வருகிற சத்தமும், பிறகு விழுகிற சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. யாரிடம் சொன்னாய் என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான்.

“நான் சொல்லலப்பா. அந்த மிஸ் யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா.”

பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டு நீதான் எழுதிப் போட்டாய் என்றான். அவள் இல்லை இல்லை என்றாள். பாத்திரங்கள் உருண்டன. சுவரில் அவள் மோதியபோது என் பக்கத்துக் காரை உதிர்ந்து அடுப்பங்கரையில் விழுந்தது.

நான் போகவில்லை. கிழங்குத் தண்ணீர் கொதித்தது. கிழங்கு வெந்து வெடிக்க ஆரம்பித்தது. அவ்வளவு நேரமும் நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பயமும் இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. அந்த இரண்டு பேர் முன்னால் அவன் முகம் செத்துப்போனதைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அவள் அடிபடும்போதுகூட அது கொஞ்சம் மிச்சம் இருந்தது. இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

பிறகு அவள் சத்தம் நின்றது. அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் ஓடினேன். கதவைத் தள்ளினேன். அவள் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலில் தலையைச் செருகிக்கொண்டு, கைகளைப் பின்கழுத்தில் கோர்த்து உட்கார்ந்திருந்தாள். சட்டை முதுகில் கிழிந்து ஒட்டியிருந்தது. விரல்கள் வீங்கியிருந்தன. தம்பிக்கு மூச்சு வாங்கியது.

“அவள விடு. நான்தான் சொன்னேன்” என்றேன்.

அவன் நம்பவில்லை. அவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தான். “நீதானக்கா பொண்ணு புள்ளைக்கு இது போதும்னு சொன்ன?” என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

“ஆமா சொன்னேன். அன்னைக்குக் கோழிய வெட்டினேல்ல. அதுக்காக மிஸ்கிட்ட சொன்னேன்.”

 நான் சொன்னது அவனுக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு குழாயைக் கீழே போட்டுவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த இறப்பர் விறகை எடுத்தான். முதல் அடியைத் தடுக்க இடது கையைத் தூக்கினேன். எலும்பு உடைந்த சத்தத்தை நானே கேட்டேன். வலி பிறகுதான் வந்தது. கீழே விழுந்த என்னை இடுப்பில் மிதித்தான். ஒன் மகன் பதினஞ்சுல கொழும்புக்குப் போனப்ப எந்த மிஸ்ஸுகிட்டடி சொன்ன என்று கேட்டுக்கேட்டு மிதித்தான். அவன் கேட்டதில் தப்பு இல்லை. மகள் தவழ்ந்துவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து எறிந்தான்.

அந்த நேரம் என் கணவர் மலையிலிருந்து வந்தார். வெட்டிய இறப்பர்ப் பாலை ஊற்றிவிட்டு நேரே வந்தவர். இடுப்பில் வெட்டுக் கத்தி இருந்தது. அவர் அதிகம் பேசாத மனிதர். என் கை தொங்குவதைப் பார்த்தார். மச்சான் நில்லு என்று தம்பி சொன்னது எனக்குக் கேட்டது. அவர் நிற்கவில்லை. கத்தியை ஓங்கினார். தம்பி அதை உள்ளங்கையால் பிடித்துவிட்டான். அப்போது அவர் கத்தியைப் பின்னால் இழுத்தார். முப்பது வருடம் மரப்பட்டையில் எப்படி இழுத்தாரோ அப்படியே, ஒரே அளவாக, அவசரமில்லாமல் இழுத்தார். தம்பி கத்தவில்லை. விரல்கள் இரண்டு மடங்கித் தொங்கின. அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். இரத்தம் முழங்கை வழியாக வடிந்து சிமெந்தில் பரவியது. சுவருக்கு அந்தப் பக்கம் கிழங்கு அடிப்பிடித்து வாசம் வந்தது.

தோட்டத்து லொறி அன்று இல்லை. ஒரே ஒரு த்ரீவீலர்தான் கிடைத்தது. அதில் எங்கள் இருவரையும் ஏற்றினார்கள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் தம்பி, நடுவில் அவன் மகள். துவாயைச் சுருட்டி அப்பாவின் கையை அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதுகைச் சாய்க்க முடியாமல் முன்னால் குனிந்தே இருந்தாள். வண்டி குழியில் விழும்போதெல்லாம் என் உடைந்த கை அவள் தோளில் இடித்தது. அவள் விலகவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கடைவீதி தாண்டியதும் தம்பி பேசினான். “பதினாறுன்னு ஒனக்கு முந்தியே தெரியுமாக்கா?”

“தெரியாது.”

“அப்ப பதினாலு முடிஞ்சிருச்சு, என்னைய ஒண்ணும் பண்ண முடியாதுன்னுதான் நெனச்சியா?”

 உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. அவனை யாராவது வந்து கேள்வி கேட்க வேண்டும், அவன் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். சட்டத்தில் எத்தனை வயது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கே பொலிஸ் வந்துவிட்டது. என் கணவரை அன்று பின்னேரமே பிடித்துக்கொண்டு போனார்கள். ரிமாண்டில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார். தம்பியின் வலது கையைத் தைத்தார்கள், ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் பிறகு மடங்கவே இல்லை. எனக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். பிள்ளையின் முதுகை ஒரு டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார். தாய் நாட்டில் இல்லை, தகப்பன் மேல் அவளை அடித்த வழக்கு, அத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில். நீதிமன்றம் அவளைப் பெண் பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பியது. அவளைக் கூட்டிப்போக அந்த மிஸ்தான் வந்தார். என் கட்டிலைத் தாண்டித்தான் போனார்கள். மிஸ் என்னைப் பார்த்து நின்றார். நீங்கள் சொன்னது நல்ல காரியம் என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் அவள் அங்கே இருந்தாள். தாய் குவைத்தில் அழுது மன்றாடி, பாதியிலேயே விட்டுவிட்டு வந்த பிறகுதான் பிள்ளையை வெளியே எடுக்க முடிந்தது. தம்பி மனைவி வந்த மறுநாள் காலையில் என் வாசலுக்கு வந்தாள். மாவுக்கட்டோடு பல் துலக்கிக்கொண்டிருந்தேன். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி என் கன்னத்தில் அடித்தாள். லயமே பார்த்தது. மறு கன்னத்திலும் அடித்தாள். என் கணவர் எழுந்தார். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

“ஒங்களுக்கு மனசு கேக்கலைன்னா எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே அண்ணி. ஒரு கோல். நான் சொன்னா அவரு கேட்டிருப்பாரு.”

அவளுடைய நம்பர் என் போனில் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுவோம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறு வருடத் தொடக்கத்தில்தான் பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். கூடப் படித்தவர்களைவிட ஒரு வருடம் பெரியவள். இல்லத்துக்குப் போய் வந்தவள் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. முதல் மாதத்தில் உதடு கிழிந்து வந்தாள். யாரோ ஒரு பிள்ளையோடு அடிபிடி. மறு மாதம் அவளே ஒருத்தியின் காதை அடித்து வீங்க வைத்துவிட்டு, தாயைக் கூட்டிவரச் சொல்லிக் கடிதத்தோடு வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாம் கேட்டேன். எங்களுக்குள் பேச்சு இல்லை.

பதினாறு முடிந்த அன்றும் கேட்டேன். பதினோராம் வகுப்பு முடிவில் அவள் எழுத வேண்டிய சாதாரண தரப் பரீட்சைக்கு அப்போது இன்னும் நாள் இருந்தது. தம்பிக்கு அந்தக் கையால் பால் வெட்ட முடியாததால், மலையில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகும் முன்னால், சட்டம் சொன்ன வயது ஆகிவிட்டது, இனி யாரும் வந்து கேட்க முடியாது, இன்றைக்கே நிற்கலாம் என்றான். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

“அவங்க சொன்னதுக்காக இத்தன நாள் போனேன். இனி நானாப் போறேன்” என்றாள்.

ஒரு அறை விழுந்தது. இடது கையால் விழுந்த அறை என்று சத்தத்திலேயே தெரிந்தது. தாய் கத்தினாள்.  நான் வாசலுக்கு வந்தேன். அவள் படியில் உட்கார்ந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. இரண்டு முடிச்சும் இறுகக் கட்டிவிட்டு எழுந்து பாதையில் இறங்கினாள். அவன் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் அவளை அடித்த சத்தத்தை நான் கேட்டதில்லை.

பரீட்சையில் கணக்கும் ஆங்கிலமும் போய்விட்டன. மறு வருடம் கணக்கை எடுத்துவிட்டாள். இப்போது தெஹியோவிட்ட டவுனில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். மருந்து உறையில் எந்த வேளைக்கு என்று சிங்களம், தமிழ் இரண்டிலும் எழுதிக் கொடுக்கிறாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

போன மாசியில் கிளினிக்குக்குப் போகும்போது பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். எழுந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, முதலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இல்லத்தில் கஷ்டமா இருந்துச்சா புள்ள என்று நான் கேட்டேன். இவ்வளவு வருடம் கழித்து அதைத்தான் கேட்க வந்தது. முதல் கிழமை முழுக்கப் பெரிய பிள்ளைகள் அடித்தார்கள், அதற்குப் பிறகு அடிக்கக் கற்றுக்கொண்டேன் என்றாள். வேறு யாருக்கோ நடந்தது மாதிரிச் சொன்னாள்.

பிறகு, “நீங்க எனக்காகச் சொல்லல அத்தை” என்றாள்.

“இல்ல புள்ள. ஒனக்காகச் சொல்லல.”

“எனக்கு அப்பவே தெரியும். அலமாரிக்குப் பக்கத்துல இருந்து கேட்டேன்.”

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனதில் தனக்கு வருத்தம் இல்லை என்றாள். ஆனால் அதற்காக எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள். மணியை அடித்து இறங்கிப் போனாள். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது போல, வேகமாக நடந்தாள்.